பழைய மோட்டார்ஹோம் சாலையில் அலைபாய்கிறதா? சஸ்பென்ஷனைச் சரிசெய்ய வேண்டிய வரிசை

இந்த வழிகாட்டி அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-53 சேஸியின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் கட்டப்பட்ட, பெட்ரோலில் ஓடும் பழைய மோட்டார்ஹோம்களுக்கானது (வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டிகள்). முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், முன்னால் ஒரே துண்டான இரும்பு ஆக்சில் (சக்கர அச்சு), பின்னால் இரட்டை டயர். என்னுடையது 2003ஆம் ஆண்டு வண்டி: 34 அடி நீளம், 208 அங்குல வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்), 20,500 பவுண்டு மொத்த எடை வரம்பு. வாங்கிய புதிதில் டெக்சாஸின் மேற்குப் பகுதியில் ஐ-10 நெடுஞ்சாலையில் நான்கு மணிநேரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது, தண்ணீர்க் குவளையைத் தூக்கக்கூட முடியாத அளவுக்குத் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது. இன்று அதே சாலையில் ஒரு கையால் பிடித்து ஓட்ட முடிகிறது.

அதன்பிறகு பழைய மோட்டார்ஹோம் வாங்கிய நண்பர்கள் சிலருக்கு உதவியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்தான். முதல் வாரமே ஸ்டீயரிங் ஸ்டெபிலைசரோ (ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துவைக்க உதவும் கருவி) விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரோ வாங்கி மாட்டிவிட்டு, வண்டி இன்னும் ஏன் அலைகிறது என்று கேட்டார்கள். எடையும் காற்றழுத்தமும் சரியில்லாத வண்டியில் எந்தப் பாகத்தை மாட்டினாலும் அதன் பலன் தெரியாது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் குறையைக் குறித்து வையுங்கள்

"வண்டி சரியாக ஓடவில்லை" என்பது போதாது. குறை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

நேர்ச்சாலையில் ஓயாமல் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், காற்றழுத்தம், முன் ஆக்சிலில் எடைக் குறைவு, ஸ்டீயரிங் இணைப்புகளில் ஆட்டம், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) ஆகியவற்றைப் பாருங்கள். பெரிய லாரி கடந்துபோகும்போது வண்டியின் பின்பக்கம் தள்ளப்பட்டு, அதைத் தொடர்ந்து மூக்கு திரும்பினால் பின் ஆக்சிலின் பக்கவாட்டு அசைவைச் சந்தேகியுங்கள். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும்போது வண்டி தொட்டில்போலச் சாய்ந்தாடினால் அது ஸ்வே பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் முறுக்குத் தண்டு) சம்பந்தப்பட்டது. மேடு ஏறி இறங்கியபின் மூக்கு மூன்று நான்கு முறை மேலும் கீழும் போய்வந்தால் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் 15, 20 மைல் கொண்ட ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் நேர்ச்சாலை, ஒரு பாலத்தின் இணைப்பு, ஒரு வளைவு, சரிவான நுழைவாயில் எல்லாம் இருக்கட்டும். காற்று அதிகம் வீசாத நாளில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே பாதையில்தான் சோதனை. பாதை மாறினால் வண்டி மாறியதா, சாலை மாறியதா என்று சொல்ல முடியாது.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள். வீல்பேஸை வண்டியின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். என் வண்டியின் 34 அடி என்பது 408 அங்குலம். 208ஐ 408ஆல் வகுத்தால் 51 சதவீதம். 54 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது என்பது மோட்டார்ஹோம்காரர்களிடையே புழங்கும் கணக்கு. குறைவாக இருந்தால் பின் சக்கரத்துக்கு அப்பால் தொங்கும் வால் நீளம் என்று பொருள். அதை மாற்ற முடியாது. ஆனால் எவ்வளவு முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம்.

2. வண்டிக்கு அடியில் போகும் முன்

தேவையானவை: எடைக்கேற்ற ஜாக் ஸ்டாண்டுகள், சக்கரங்களுக்குக் கொடுக்க நல்ல கட்டைகள், பெரிய நட்டுகளுக்கான டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்கில் இறுக்குகிறோம் என்று காட்டும் சாவி), நீளமான பிரேக்கர் பார், துரு இளக்கும் எண்ணெய், கிரீஸ் துப்பாக்கி, 120 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்த அளவு) வரை காட்டும் அழுத்தமானி, நல்ல டார்ச் விளக்கு, உங்கள் ஆண்டுக்குரிய சேஸி கையேடு. முறுக்கு அளவுகளை அந்தக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு, ஆக்சிலுக்கு ஆக்சில் அவை மாறும்.

தங்குமிடத்தில் வண்டியை மட்டப்படுத்தும் ஹைட்ராலிக் கால்களை நம்பி அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். அவை சமையலறைத் தரை சமமாக இருப்பதற்காக வைத்தவை. ஒரு குழாய் கசிந்தாலே வண்டி இறங்கிவிடும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் உயிருக்கே ஆபத்தானது இது.

இதில் பல வேலைகளுக்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம். அடியில் புகுந்து போகும் அளவுக்கு இடம் இருக்கிறது. கை பிரேக் போட்டு, சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை கொடுத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

3. எடை பாருங்கள்

லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போங்கள். பைலட், லவ்ஸ் போன்ற நிறுத்தங்கள் பலவற்றில் இருக்கிறது. முன் சக்கரம் முதல் தட்டிலும் பின் சக்கரம் இரண்டாவது தட்டிலும் நிற்கவேண்டும். காரை இழுத்துப்போவதாக இருந்தால் அது மூன்றாவது தட்டில். பொத்தானை அழுத்தி, தனியார் மோட்டார்ஹோம் என்று சொன்னால் எடைபோட்டுவிடுவார்கள். உள்ளே போய்ச் சீட்டை வாங்கிக்கொள்ளலாம்.

பயணத்துக்குப் போவதுபோலவே நிரப்பிக்கொண்டு போங்கள்: பெட்ரோல், புரொப்பேன், தண்ணீர், துணிமணி, பாத்திரம், ஆட்கள். வெறும் வண்டியை எடைபோட்டு வந்து அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 60 காலன் தொட்டி நிறைந்தாலே ஏறத்தாழ 500 பவுண்டு கூடிவிடும்.

என் சீட்டில் முன்னால் 6,620, பின்னால் 13,140, மொத்தம் 19,760 பவுண்டு என்று வந்தது. மொத்த வரம்புக்குள் இருந்தாலும் முன்பக்கம் லேசாக, பின்பக்கம் கனமாக இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒட்டியிருக்கும் வில்லையில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனி வரம்பு இருக்கும். மொத்தம் சரியாக இருந்தும் ஓர் ஆக்சில் வரம்பைத் தாண்டியிருக்கலாம். தாண்டியிருந்தால் சாமானை இறக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பின் அறைகளில் சாமான் அடைப்பது ஏன் வண்டியை அலையவிடுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். பின் ஆக்சிலுக்கு 10 அடி பின்னால் 300 பவுண்டு வைக்கிறீர்கள். வீல்பேஸ் 17.3 அடி. பின் ஆக்சில் சீசா பலகையின் நடுக்கட்டைபோல நின்று முன்பக்கத்தைத் தூக்கும். 300ஐப் பத்தால் பெருக்கி 17.3ஆல் வகுத்தால் 173. அதாவது முன் சக்கரங்கள் 173 பவுண்டு இழக்கின்றன. பின் ஆக்சிலுக்கு 473 பவுண்டு கூடுகிறது. ஸ்டீயரிங் பிடிப்பு முழுக்க முன் டயர்களில்தான் இருக்கிறது. அவை லேசானால் வண்டி மிதக்கத்தான் செய்யும்.

என் வண்டியின் கடைசி அறையில் முந்தைய உரிமையாளர் விட்டுப்போன மரப்பலகைகள், இரண்டு கருவிப்பெட்டிகள், பழைய சங்கிலி எல்லாம் கிடந்தன. அவற்றை இறக்கிவிட்டு, வேண்டிய கருவிகளை முன் சக்கரத்தை ஒட்டிய அறைக்கு மாற்றினேன். பைசா செலவில்லாமல் கிடைத்த முதல் முன்னேற்றம் அது.

கேட் ஸ்கேல் ஆக்சிலின் மொத்த எடையை மட்டும் தரும். இடம் வலம் தனித்தனியாக வேண்டும் என்றால் எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார்ஹோம்காரர் சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் நடத்தும் ஸ்மார்ட்வே போன்ற சேவைக்குப் போக வேண்டும். குளிர்பெட்டி, ஜெனரேட்டர், தொட்டி எல்லாம் ஒரே பக்கம் அமைந்த வண்டிகள் உண்டு. ஒரு பக்கம் கனமாக இருந்தால் அந்தப் பக்கத்து டயருக்குத்தான் நாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

4. டயரும் காற்றும்

முதலில் வயது. டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மோட்டார்ஹோம் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகின்றன. ஏழு ஆண்டு தாண்டியிருந்தால் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று பார்க்காமல் மாற்றிவிடுவது என் வழக்கம். இரட்டை டயரில் உள்பக்கத்து டயரின் எண்ணையும் பார்க்க வேண்டும். அதை மட்டும் மாற்றாமல் விட்டிருந்த வண்டி ஒன்றை வாங்க இருந்த நண்பரைத் தடுத்திருக்கிறேன்.

அடுத்தது அழுத்தம். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கும் உச்ச எடைக்கு உரிய அழுத்தம். உங்கள் வண்டிக்கு வேண்டிய அழுத்தம் அதுவல்ல. என் வண்டியின் டயர்கள் 245/70ஆர்19.5 அளவு. பக்கச்சுவரில் 110 பிஎஸ்ஐ என்று இருந்ததால் முந்தையவர் ஆறிலும் 110 அடித்து வைத்திருந்தார். அவ்வளவு காற்றில் டயர் கல்லாகிவிடும். சாலையைத் தொடும் பரப்பு குறையும், ஒவ்வொரு விரிசலும் ஸ்டீயரிங்கில் தெரியும், சாலையின் சிறு பள்ளம்கூட வண்டியை இழுத்துப்போகும்.

டயர் தயாரிப்பாளரின் எடை அட்டவணையை எடுங்கள். ஒவ்வொரு ஆக்சிலிலும் கனமான பக்கத்தின் எடைக்கு உரிய அழுத்தத்தைப் பார்த்து, அந்த ஆக்சிலின் எல்லா டயர்களுக்கும் அதே அழுத்தத்தை வையுங்கள். ஒற்றை டயருக்கும் இரட்டை டயருக்கும் அட்டவணையில் வரிசை வேறு. அதைத் தவறாகப் படிப்பது சுலபம். பாதுகாப்புக்காக 5 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளலாம். அட்டவணைக்குக் கீழே இறங்கவே கூடாது. குறைந்த காற்றில் டயர் சூடேறி வெடிக்கும். வண்டியின் வில்லையில் உள்ள அழுத்தத்தோடும் ஒப்பிடுங்கள். உங்கள் கணக்கு அதைவிட வெகுவாகக் குறைந்தால் எங்கோ தவறு இருக்கிறது.

எனக்கு 85 வந்தது. அந்த எண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எடை வேறு, டயர் வேறு. காலையில் வண்டி ஓடும் முன், வெயில் படும் முன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

எடை, காற்று இரண்டையும் சரிசெய்துவிட்டுச் சோதனைப் பாதையில் ஓட்டுங்கள். என் குறிப்பேட்டில் இருந்த குறைகளில் பாதி இங்கேயே போய்விட்டது.

5. ஆட்டம் எங்கே என்று தேடுங்கள்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். கை பிரேக்கும் கட்டைகளும் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றவர் அடியில் நுழையாமல் பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து தொடங்கி, பிட்மேன் ஆர்ம் (பெட்டியிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையைச் சக்கரத்தின் பக்கம் இணைக்கும் தண்டு), டை ராடு (இரு முன் சக்கரங்களை இணைக்கும் தண்டு) முனைகள், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) என்று அசைவு போகும் வழியிலேயே கண்ணை ஓட்டுங்கள். ஒரு பக்கம் அசைந்து, அடுத்த பக்கம் சற்றுத் தாமதமாக அசையும் இடம்தான் தேய்ந்த இணைப்பு. என் வண்டியில் டிராக் லிங்கின் ஒரு முனை குண்டு, குழிக்குள் மேலேறிவிட்டு அதன்பிறகுதான் தண்டை இழுத்தது. ரப்பர் உறைக்குள் அது புரள்வது கண்ணுக்கே தெரிந்தது.

ஸ்டீயரிங் பெட்டியில் ஆட்டத்தைக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கும். அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். இணைப்புகளின் தேய்மானத்தை மறைக்க அதை இறுக்கினால், திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. வண்டி முன்னைவிட மோசமாக அலையும்.

கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது மட்டும் முன் ஆக்சிலைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். எடை அழுத்திக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது.

பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளையும் கையேட்டு அளவுக்கு இறுக்கிச் சரிபாருங்கள். அவை தளர்ந்தால் ஆக்சிலே இடம் பெயரும்.

6. உயரம்

மட்டமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்து நேர்மேலே சேஸியின் ஒரே இடம்வரை அளந்து எழுதுங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் எடையைப் பாருங்கள், பிறகு ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

பட்டை தொய்ந்திருந்தால் பட்டறையில் ஒரு பட்டை சேர்க்கலாம் அல்லது புதிது போடலாம். சுமோ ஸ்பிரிங்ஸ் போன்ற நுரைக் கட்டைகளும் காற்றுப் பைகளும் தொய்ந்த பட்டைக்குக் கைகொடுக்கும். ஆனால் அவை ஆக்சிலின் எடை வரம்பை உயர்த்துவதில்லை. இதை நினைத்துக்கொண்டு கூடுதல் சாமான் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

7. அலைன்மென்ட்

தேய்ந்தவற்றை மாற்றி, உயரத்தைச் சரிசெய்த பிறகே இதைச் செய்யுங்கள். முன்கூட்டிச் செய்தால் மறுபடியும் பணம் கட்ட வேண்டும். கார் பட்டறையில் முடியாது. லாரிக்கு அலைன்மென்ட் செய்யும் இடத்துக்கு, சாமான்கள் ஏற்றிய வண்டியோடு போங்கள்.

அங்கே கேட்க வேண்டியது கேஸ்டர் கோணம், அதாவது கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணம். சைக்கிளின் முன் கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராக ஓட உதவுகிறது. கிங் பின்னின் சாய்வும் அதே வேலையைச் செய்கிறது. தயாரிப்பாளர் தந்த வரம்பின் உயர்ந்த பக்கத்தில் கேஸ்டரை வைக்கச் சொல்லுங்கள். இந்த ஆக்சிலில் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புபோன்ற தகட்டைச் செருகித்தான் அதை மாற்ற முடியும். முன் டயர்களின் உள்நோக்கிய திருப்பத்தை மட்டும் திருத்திவிட்டு "அலைன்மென்ட் முடிந்தது" என்று அனுப்பும் பட்டறைகள் உண்டு. எனக்கே முதல்முறை அப்படித்தான் நடந்தது. வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

8. ஸ்வே பாரின் துளையை மாற்றுதல்

எஃப்-53காரர்களிடையே பிரபலமான வேலை இது. செலவில்லை என்பதே காரணம். ஸ்வே பாரின் முனைகளில் பல வண்டிகளில் இரண்டு துளைகள் இருக்கும். பாரின் முனையில் மாட்டும் இணைப்புத் தண்டான லிங்க், ஆலையிலிருந்து வெளித்துளையில் மாட்டி வருகிறது. அதை உள்துளைக்கு மாற்றினால் நெம்புகோலின் கை சுருங்கி, பார் கடினமாகிறது. கை 12 அங்குலத்திலிருந்து 10 அங்குலமானால், முறுக்கக் கணக்கின்படி கடினத்தன்மை 1.44 மடங்கு. வளைவிலும் நுழைவாயிலிலும் சாய்வு குறைவது உடனே தெரியும். உங்கள் பாரில் ஒரே துளைதான் என்றால் புதிதாகத் துளை போடாதீர்கள். அங்கே விரிசல் தொடங்கும். ரோட்மாஸ்டர், ஹெல்விக் போன்ற நிறுவனங்களின் தடித்த பாரைப் பார்க்கலாம்.

வண்டி மட்டமான தரையில், எடை முழுதும் சக்கரங்களில் இருக்க வேண்டும். நான் முதலில் சரளைக்கல் பரப்பில் வைத்து முயன்றேன். நட்டைக் கழற்றிய பின்னும் போல்ட் அசையவில்லை. சுத்தியலால் தட்டியும் பயனில்லை. ஒரு சக்கரம் இரண்டு அங்குலப் பள்ளத்தில் நின்றதால் பார் முறுக்கிக்கொண்டு போல்ட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. வண்டியைச் சிமெண்டுத் தரைக்கு நகர்த்தியபின் அதே போல்ட் விரலால் இழுத்ததும் வந்துவிட்டது.

முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். ஒரு பக்க லிங்கைக் கழற்றி, பாரைக் கையால் தள்ளி உள்துளையை நேர்ப்படுத்தி, போல்ட்டைப் போட்டு நட்டை விரலால் மட்டும் முடுக்குங்கள். பிறகு அடுத்த பக்கம். இரண்டு பக்கமும் மாட்டிய பிறகே முழு முறுக்குக் கொடுங்கள். ரப்பர் புஷ்கள் வண்டி நிற்கும் நிலையில் இறுக வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

முன், பின் இரண்டையும் ஒரே மாற்றமாகக் கொண்டு ஒரே நாளில் செய்யுங்கள். ஒன்றை மட்டும் கடினமாக்கினால் வளைவில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலை கெடும். முடிந்ததும் பார், பிரேக் குழாயையோ சைலன்சரையோ தொடுகிறதா என்று பாருங்கள்.

9. ஷாக் அப்சார்பர்

ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஆகவே சாய்வைக் குறைக்க ஷாக் வாங்காதீர்கள். முதல் படியில் எழுதிய குறிப்பில் மூக்கு பலமுறை ஆடுவது இருந்தால் மாற்றுங்கள். எண்ணெய் கசிந்திருந்தாலும் மாற்றுங்கள். கோனி, பில்ஸ்டீன் இரண்டும் இந்தச் சேஸிக்குக் கிடைக்கின்றன. நான்கையும் சேர்த்து மாற்ற வசதியில்லை என்றால் ஓர் ஆக்சிலின் இரண்டையாவது ஜோடியாக மாற்றுங்கள்.

10. பின் ஆக்சிலுக்கு ட்ராக் பார்

பட்டை ஸ்பிரிங், ஆக்சிலை முன்பின்னாகப் பிடித்துவைக்கும் அளவுக்குப் பக்கவாட்டில் பிடித்துவைக்காது. புஷ்களும் பட்டைகளும் கொஞ்சம் இளகினாலே உடல் ஒரு பக்கமும் ஆக்சில் ஒரு பக்கமும் நகரும். லாரி கடக்கும்போது வால் தள்ளப்படுவது இதனால்தான். ஆக்சிலின் ஒரு முனையையும் சேஸியின் எதிர்ப்பக்கத்தையும் ஒரு தண்டால் இணைப்பதே ட்ராக் பார். சூப்பர்ஸ்டீயர், ப்ளூ ஆக்ஸ் போன்றவை விற்கின்றன.

வாங்கும் முன் சோதியுங்கள். ஒருவர் வண்டியின் பின் மூலையில் நின்று தாளத்தோடு பக்கவாட்டில் தள்ளட்டும். உள் டயருக்கும் சேஸிக்கும் இடையே உள்ள வெளி மாறுகிறதா என்று வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அசைவே தெரியவில்லை என்றால் இந்தச் செலவைத் தள்ளிப்போடுங்கள்.

மாட்டும்போது தண்டு கூடியவரை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்வாக இருந்தால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதுவே ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுக்கும். நீளத்தைக் கடைசியில், வண்டி தன் எடையில் நிற்கும்போது, போல்ட் வலிந்து நுழையாமல் தானாகப் பொருந்தும் அளவுக்குத் திருத்துங்கள்.

11. ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர், வேண்டுமானால்

இவ்வளவுக்குப் பிறகும் பக்கக்காற்றில் கை சோர்ந்தால், அல்லது முன் டயர் வெடிக்கும்போது ஸ்டீயரிங் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் இருந்தால், சேஃப்-டி-பிளஸ் போன்ற ஒன்றை மாட்டலாம். நேரான, சமமான சாலையில் ஓட்டி, அதன் நடுப்புள்ளியைப் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்குப் போகத் தோன்றும்.

12. 500 மைலுக்குப் பிறகு

கழற்றி மாட்டிய எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். யூ போல்ட், ஸ்வே பார் லிங்க், ட்ராக் பார் முனைகள் மூன்றும் முதல் பயணத்தில் படிந்து சற்றுத் தளரும். ஒவ்வொரு நட்டின் மீதும் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு, கோட்டின் மறுபாதியை அருகிலுள்ள இரும்பில் இழுத்துவிடுங்கள். அடுத்தமுறை எண்ணெய் மாற்ற அடியில் போகும்போது, கோடு விலகியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.